ஹவுன்ஸ்லோ வீட்டின் மாடிப்படிகள்

ஹவுன்ஸ்லோவில் சபாரத்தினம் வீட்டு மாடிப்படிகள் பதின்மூன்றாக இருந்தவை, 2016ஆம் ஆண்டு ஜூன் இருபத்துநான்காம் திகதி காலையில் நாற்பத்தொன்றாகிவிட்டன. வெளியே கூரை ஓர் அங்குலம்கூட உயரவில்லை. கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்து அளந்து பார்த்து, அனுமதியின்றி எதுவும் கட்டப்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேல்மாடியில் இருந்தவள் சபாரத்தினத்தின் தங்கை நகுலேஸ்வரி. புருஷன் செத்த பிறகு 2011இல் ஹொலண்டிலிருந்து அந்நாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து, அண்ணன் தந்த அறையில் சேலைச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். படிகளை அண்ணாந்து பார்த்து, முழங்காலுக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

கூடியவை இருபத்தெட்டு என்று எண்ணியவுடனே சபாரத்தினத்துக்குக் காரணம் விளங்கிவிட்டது. முதல் நாள்தான் அவர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்திருந்தார். அதற்கு முன் மூன்று மாதமாகக் கோயில் வாசலில் நோட்டீஸ் பரவியது. தமிழில் தன் கையாலேயே எழுதியவர் அவர், பெயர் மட்டும் போடவில்லை. பன்னிரண்டு நாடாக இருந்ததை இருபத்தெட்டாக்கினார்களே, யாரைக் கேட்டுச் சேர்த்தார்கள் என்று அதில் கேட்டிருந்தார். நாங்கள் தேர்ந்தெடுக்காதவர்கள் பிரசெல்ஸில் இருந்து எங்களுக்குச் சட்டம் போடுவதா என்றும் கேட்டிருந்தார். கேள்விகளில் பிழை சொல்ல முடியாது, இன்றைக்கும் அவற்றைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வினை கடைசி வரியில் இருந்தது. ஐரோப்பாக்காரருக்குக் கதவைச் சாத்தினால் எங்கள் ஆட்களுக்குத் திறக்கும் என்று எழுதிவிட்டார். குரோய்டனில் குடிவரவு அலுவலகத்துக்கு ஒன்பது வருடம் அலைந்து விசா எடுத்த மனுசன், கதவைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஐரோப்பாக்காரர் என்றால் போலந்துக்காரரும் ருமேனியாக்காரரும்தான் அவர் மனதில் வந்தார்கள். தங்கையை அதில் சேர்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

அதன்பிறகு சாப்பாட்டு மேசையில் நகுலேஸ்வரி, "இனி என்ரை பாடு என்னண்ணை?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் கறிக்கு உப்புக் காணாது என்றார். மறுநாள் ஒரு படி கூடியிருக்கும். 2021இல் முந்நூற்றுப் பன்னிரண்டு. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் நூறாவது படியில் குந்தி இளைப்பாறப் பழகிக்கொண்டார்கள். சபாரத்தினம் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதால், ஹொலண்ட் கடவுச்சீட்டுக்காரியான அவள் அந்த வருடம் ஜூன் முடிவதற்குள் இங்கே தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு வரியும் கரண்ட் பில்லும் அண்ணன் பெயரில். பத்து வருடம் இருந்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"அண்ணை, நான் இஞ்சைதான் இருந்தனான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

எழுதினார். கீழே வைத்தே கொடுத்திருக்கலாம், கை வரவில்லை. காலையில் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கியவர் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தார்.

"தங்கச்சி, அந்த நோட்டீஸ் எழுதினது நான்தான்."

நகுலேஸ்வரி தையல் மெஷினை நிறுத்தவில்லை. "தெரியும் அண்ணை. கோயில்லை எனக்கும் ஒண்டு தந்தவை. எத்தினை வருசம் எனக்குக் கடிதம் போட்டனீங்கள், உங்கட எழுத்து எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன்."

ஐந்து வருடம் அவள் தெரிந்துகொண்டே ஏறி இறங்கியிருக்கிறாள். கீழே வந்து அவருக்குச் சோறும் போட்டிருக்கிறாள். கடிதத்தைத் துணிகளுக்கு மேல் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க ஏலாமல் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓகஸ்டில் அவளுக்கு அனுமதி கிடைத்தது. படிகள் குறையவில்லை, குறையும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. இப்போது காலையில் அவர்தான் தேத்தண்ணி கொண்டு மேலே போகிறார். போய்ச் சேர்வதற்குள் அது ஆறிவிடும். அவள் குடித்துவிடுகிறாள்.