மீண்டும் அழுத்தவும்

கடுகுக்குத் தன் நாத்தனாரைக் கண்டாலே ஆகாது. நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை, ஊருக்கே தெரியும்படி இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவளேதான். ஆள் குள்ளம், வாயைத் திறந்தால் காரம்; அதனால் ஆபீசில் கடுகு என்று பெயர் விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது. வீட்டில் மாடியில் அவளும் புருஷனும், கீழே புருஷனின் அக்கா. வாயால் கூப்பிடுவது ‘அண்ணி’, மனசுக்குள் வேறு சில பெயர்கள். அண்ணியும் லேசுப்பட்டவள் இல்லை. தம்பி பெண்டாட்டி படியிறங்கி வந்தால், “மகாராணி எழுந்தருளியாச்சா?” என்று கேட்டுத்தான் காலையையே தொடங்குவாள். நடுவில் மாட்டிய மனுஷனுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

அப்படிப்பட்ட அண்ணியின் வேலைக்கு உலை வைத்தால் கடுகு உள்ளூரச் சந்தோஷப்படுவாள் என்று அவளுடைய மேலாளர் கணக்குப் போட்டார். அங்கேதான் அவர் சறுக்கினார்.

நடந்தது இதுதான். அண்ணி குடிநீர் வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறாள். நீரேற்று நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆளில்லாமல் தானாக ஓடுவது. தண்ணீரில் குளோரின் கலக்க இங்கே திரையில் ஒரு பொத்தானை அழுத்துவாள். அங்கே பம்பு ஓர் அளவு மருந்தை விடும். அடைமழை பெய்த அன்று அழுத்தினாள். ‘ஆகவில்லை. மீண்டும் அழுத்தவும்’ என்றது திரை. அழுத்தினாள். மறுபடியும் அதே பாட்டு. மூன்றாம் தரம் அழுத்தியதும் ‘ஆயிற்று’ என்று வந்தது, நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். உண்மையில் மூன்று தரமும் ஆகியிருந்தது. மறுநாள் குழாயைத் திறந்த வீடெல்லாம் நெடி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். நல்ல காலம், எல்லாரும் பிழைத்தார்கள். அண்ணியைப் பணியிடை நீக்கம் செய்து, விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அந்தத் திரையைச் செய்து கொடுத்தது கடுகு வேலை பார்க்கும் கம்பெனி. ப்ரோக்ராமை எழுதியது கடுகு.

மேலாளர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ‘மென்பொருள் சரியாக இயங்கியது, ஊழியர் கவனமின்றிப் பலமுறை அழுத்தியதே காரணம்’ என்று அதில் அச்சடித்திருந்தது.

“இதுல கையெழுத்துப் போட்டுடும்மா. அந்தம்மா உனக்கு நாத்தனாராமே? அவ்வளவு ஒட்டுதல் இல்லைன்னும் கேள்விப்பட்டேன்.” சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

கடுகுக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறியது. “எங்க வீட்டுச் சண்டை எங்க வீட்டோட சார். அவங்க நாக்குல தப்பு இருக்கு, நானே சொல்வேன். விரல்ல தப்பில்லை.”

“மூணு தடவை அழுத்தினா மூணு தடவை விடத்தானே செய்யும்? நம்ம ப்ரோக்ராம் சொன்னதைச் செஞ்சிருக்கு.”

“செஞ்சுட்டு, செய்யலைன்னும் சொல்லியிருக்கே சார்!”

இங்கே கொஞ்சம் நின்று விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். ப்ரோக்ராமில் ஒரு வேலையை ஏவ ஒரு வரி போதும். வேலை இதே கணினியில் நடந்தாலும் ஒரு வரி, ஆற்றுக்கு அப்பால் இன்னொரு கணினியில் நடந்தாலும் அதே ஒரு வரி. தொலை அழைப்பு என்கிற ஏற்பாட்டின் அழகே அதுதான்; வில்லங்கமும் அதுதான். எழுதுகிறவளுக்கு, பக்கத்து அறையில் இருக்கும் புருஷனிடம் ‘விளக்கை அணைங்க’ என்று சொல்வதுபோலத்தான் இருக்கும். அடியில் நடப்பதோ வேறு. சொன்னதைப் பொட்டலம் கட்டிக் கம்பி வழியே அனுப்ப வேண்டும். அந்தக் கணினி அதைப் பிரித்துப் படித்து, வேலையை முடித்து, பதிலைப் பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். போகிற பொட்டலம் தொலைந்தால் வேலை நடக்கவில்லை. வருகிற பொட்டலம் தொலைந்தால் வேலை நடந்து முடிந்துவிட்டது. இங்கே காத்திருக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான், அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. அதற்கு ‘ஆகவில்லை’ என்று பெயர் வைத்தால் அது பச்சைப் பொய்.

கடுகு முதலில் ‘பதில் வரவில்லை. நடந்ததா என்று தெரியவில்லை’ என்றுதான் எழுதியிருந்தாள். மாற்றச் சொன்னவர் இதே மேலாளர்தான். “தெரியலைன்னு காட்டினா வாங்குறவன் நம்மளை என்னன்னு நினைப்பான்?” என்றார். அவளும் இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு மாற்றிக் கொடுத்தாள்.

“போட முடியாது சார்,” என்று தாளைத் திருப்பி வைத்தாள்.

“யோசிச்சுக்கோ. அந்தம்மா நாற்காலியோட உன் நாற்காலியும் போயிடும்.”

“மிரட்டுறதுன்னா கொஞ்சம் சத்தமா மிரட்டுங்க சார், வெளியில இருக்கிறவங்களுக்கும் கேட்கட்டும்.” கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் நேரே மாடிக்குப் போகாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், தலைகூட வாரவில்லை.

“என்ன, வேடிக்கை பார்க்க வந்தியா?”

“ஆமா, டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கேன். தள்ளி உட்காருங்க அண்ணி.” பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடு,” என்றாள் அண்ணி. “என்னோட போகட்டும். ரெண்டு பேரும் வேலையைத் தொலைச்சுட்டு நின்னா என் தம்பி என்ன பண்ணுவான்? அந்தப் புள்ளைங்க முகம் வேற கண்ணுக்குள்ளயே நிக்குது. நான் ஒருவேளை நிதானமா இருந்திருக்கணுமோ என்னவோ…” சொல்லச் சொல்லக் குரல் உடைந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் அவள் அழுது கடுகு பார்த்ததில்லை. “ஐயோ, அழாதீங்க அண்ணி, எனக்குச் சகிக்கலை. என்னைத் திட்டுங்க, அதுதான் பழகிப்போச்சு. அழுத்துன்னு சொன்னதை அழுத்தினீங்க. இதுல நிதானம் எங்க வந்தது? விசாரணையில அந்தத் தாளை நீட்டின மனுஷனையே அழுத்த வெக்கறேன், பாருங்க.”

சொன்னபடியே, விசாரணை நடத்தும் வாரியத்து அதிகாரியம்மாவிடம் ப்ரோக்ராமைச் செய்துகாட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கினாள். விசாரணை அறையில் ஒரு கணினி. சாத்திய கதவுக்கு அப்பால், பக்கத்து அறையில் சின்னப் பம்பு ஒன்றும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ஜாடியும், மருந்துக்குப் பதிலாக நீலச் சாயமும். அதே ப்ரோக்ராம், ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

“யார் அழுத்துறீங்க?” என்றார் அதிகாரியம்மா.

“நானே அழுத்தறேன். நம்ம சாஃப்ட்வேர் மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு,” என்று மேலாளர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

அழுத்தினார். ‘ஆகவில்லை. மீண்டும் அழுத்தவும்.’ எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடி அதே. “நெட்வொர்க் கொஞ்சம் ஸ்லோ,” என்று அசடு வழிந்தபடி மூன்றாம் முறை அழுத்தினார். ‘ஆயிற்று’ என்று வந்ததும், “பார்த்தீங்களா, வேலை செய்யுது!” என்று திரும்பினார்.

அதிகாரியம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். ஜாடி கருநீலமாக இருந்தது. பக்கத்திலேயே ஒரே ஓர் அளவு சாயம் விட்ட இன்னொரு ஜாடியையும் கடுகு வைத்திருந்தாள். அது வானத்து நீலம். அண்ணி, “அடப்பாவமே,” என்றாள்.

“இது ஏமாத்து வேலை!” மேலாளர் குதித்தார். “இவ ஏதோ பண்ணியிருக்கா மேடம்!”

“பண்ணினேன். திரும்பி வர்ற பதிலை ரெண்டு தரம் நடுவுல நிறுத்தினேன். அன்னிக்கு அதை நிறுத்தினது மழை. அழுத்தின உங்களுக்கு என்ன வித்தியாசம் தெரிஞ்சுது சார்? ஏன் மூணு தரம் அழுத்தினீங்க, கவனம் இல்லையா?”

மேலாளர் இரண்டு ஜாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, இதுக்கு வழி?” என்று கேட்டார் அதிகாரியம்மா.

“ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் குடுக்கணும் மேடம். மறுபடி அழுத்தினாலும் அதே எண்தான் போகணும். அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தா அங்க இருக்கிற மெஷின் மருந்தை விடாது, ‘முன்னாடியே செஞ்சாச்சு’ன்னு பதில் மட்டும் சொல்லும். அதுவரைக்கும் திரை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும்.”

அதிகாரியம்மா தலையசைத்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, “நீங்க வேலைக்கு வந்துடலாம்மா. இனிமே கவனமா இருப்பேன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் குடுத்துடுங்க. ஃபைலை மூடணும் இல்லையா,” என்று பேனாவையும் வெள்ளைத் தாளையும் அவள் பக்கம் தள்ளினார்.

மேலாளரின் முகத்தில் உயிர் வந்தது. அண்ணி பேனாவை எடுத்தாள். எழுதினால் குற்றம் சொல்லவும் முடியாது, அவளுக்கு வேலை வேண்டும்.

அண்ணி தாளைப் பார்த்தாள். “அந்தப் புள்ளைங்களை நினைச்சு நான் தினமும் அழறேன் மேடம். அவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்த்துட்டும் வந்தேன். ஆனா தப்பு என்னுதுன்னு எழுத மாட்டேன். நான் எழுதினா எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவீங்க. திரை அப்படியே இருக்கும். அடுத்த மழைக்கு வேற ஒருத்தி இதே மாதிரி அழுத்துவா.”

“அப்போ ஃபைல்ல நான் என்ன வெக்கறது?”

“இங்க குடுங்க மேடம்,” என்று கடுகு தாளை இழுத்துக்கொண்டு, தன் பேனாவால் எழுதினாள். ‘வேலை நடந்த பிறகும் நடக்கவில்லை என்று திரை சொன்னது. அப்படி எழுதியவள் நான். எழுதச் சொன்னவர் எங்கள் மேலாளர்.’ தன் கையெழுத்தைப் போட்டாள். வேலை போகப் போகிறது என்று தெரிந்தேதான் போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்குக் கோடு கிழித்துத் தாளை மேலாளர் முன்னால் நகர்த்தினாள்.

மேலாளர் அதிகாரியம்மாவைப் பார்த்தார். அதிகாரியம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணி எழுந்து போய்த் தன் கையிலிருந்த பேனாவை அவரிடம் நீட்டினாள்.

“இந்தாங்க சார். ஒரு தடவை போட்டா போதும்.”