நீலாவுக்கு இரண்டு பிறந்த நாள்

பிரான்சிலிருந்து வந்த கடிதத்தை நீலாயதாட்சி மூன்றாவது முறையாகப் படித்தாள். கடல்பாசி ஆராய்ச்சிக்கு அவளுக்கு இடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. ஆனால் 1977 அக்டோபர் முதல் தேதியில் இருபத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் அவள் எழுதியது 1952 டிசம்பர். பள்ளிச் சான்றிதழில் இருப்பதோ அதே வருடம் ஜூன். நகராட்சிப் பிறப்புப் பதிவின் நகல் ஆகஸ்டுக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"எந்த வீட்டுல பிள்ளைக்கு ஒரே பிறந்த நாள் இருக்கு?" என்றாள் மாமியார் திரிபுரசுந்தரி. "உங்கப்பா ஜாதகம் கணிச்சு வச்சிருக்காரே, அதை அனுப்பேன்."

"அனுப்பலாம்மா. அங்க ராகு கேதுவை யாரு பார்ப்பா?" என்றான் அவள் கணவன் தெட்சிணாமூர்த்தி.

நீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை; ஆனால் அவன்மேல் கோபமும் வரவில்லை. கல்யாணமான இரண்டு வருடமாக, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, அவள் விண்ணப்பங்களை உட்கார்ந்து தட்டச்சு செய்தவன் அவன்தான்.

மறுநாள் இருவரும் காரைக்காலிலிருந்து அவள் பிறந்த ஊரான நெடுங்காட்டுக்குப் பஸ் ஏறினார்கள். அப்பா சிதம்பரநாதன் நாற்றங்காலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார்.

"என் தப்புதான் மாப்பிள்ளை. பெரியப்பா மக பள்ளிக்கூடம் போறான்னு இதுவும் அழுதது. தலைக்கு மேல கையைக் கொண்டுபோய் மறுகாதைத் தொடச் சொன்னாங்க. எட்டல. நான்தான் தலையைக் கொஞ்சம் சாய்ச்சு விட்டேன். வாத்தியாரும் ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிட்டார்."

"அது போகட்டும் மாமா. பிரெஞ்சுக்காரன் காலத்துல மேரியில பதிஞ்சீங்களா?"

நகராட்சி அலுவலகத்தை ஊரில் இன்னும் மேரி என்றுதான் சொல்வார்கள்.

"பெரும்புயலுக்கு மறுநாள் பிறந்தவ. கூரைக்குக் கீற்று தேடி டவுனுக்குப் போனவன், அப்படியே மேரியிலும் ஏறினேன். செத்தவங்க பேரை எழுதவே அங்க ஆள் போதல. நான் சொன்னதைத் துண்டுச்சீட்டுல குறிச்சுக்கிட்டாங்க. பேரேட்டுல ஏத்தினாங்களான்னு நான் போய்ப் பார்க்கலியே!"

அவரையும் அழைத்துக்கொண்டு காரைக்காலுக்குத் திரும்பினார்கள். பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர் எழுத்தர் முகம்மது இப்ராஹிம். தூசி தட்டி ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்தார். டிசம்பர் ஒன்று, இரண்டு, மூன்று. நீலாவின் பெயர் இல்லை.

"பதியலன்னா கோர்ட்டுக்குத்தான் போகணும் தங்கச்சி. ஆறு மாசமாவது ஆகும்."

சிதம்பரநாதன் தலையைக் குனிந்துகொண்டு வராந்தாவுக்குப் போனார்.

"வாங்க, போகலாம்" என்றாள் நீலா. குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டாள். "இங்கேயே ஏதாவது காலேஜ்ல சேர்ந்துக்கறேன்."

"இரு நீலா. சார், இன்னும் ரெண்டு பக்கம் திருப்புங்க. துண்டுச்சீட்டு எழுதினவருக்கு என்னைக்குக் கை ஒழிஞ்சுதோ!"

இப்ராஹிம் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பினார். ஆறாம் தேதியில் விரல் நின்றது.

"பிரெஞ்சுல எழுதியிருக்கு. பிரான்சுக்குப் போறவங்களுக்குத் தெரியாததா? நீங்களே படிங்க."

படித்தாள். டிசம்பர் ஒன்றாம் தேதி பிறந்த பெண் குழந்தை, நெடுங்காடு விவசாயி சிதம்பரநாதனின் மகள், நீலாயதாட்சி. கீழே அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. அதற்குப் பிறகு அவள் கண்ணில் எழுத்து கலங்கிவிட்டது.

"அப்பா! ஏத்தியிருக்காங்கப்பா!"

சிதம்பரநாதன் ஓடிவந்தார். படிக்கத் தெரியாத அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். "அத்தனை சாவுக்கு நடுவுல என் பிள்ளைய ஞாபகம் வச்சு எழுதியிருக்கான் பாரு, மகராசன். நான் அவன் முகத்தைக்கூடச் சரியா பார்க்கல."

நகல் தயாராகும் வரை மூவரும் வராந்தாவில் நின்றார்கள்.

"வயசு ஆறு மாசம் குறைஞ்சிடுச்சு" என்றான் தெட்சிணாமூர்த்தி மெதுவாக. "இனிமே எங்கிட்ட இன்னும் மரியாதையா பேசணும்."

"மூணு வருஷம் தனியா இருப்பீங்களே, பரவாயில்லையா?"

"அந்தக் கவலைய அக்டோபர்ல படுவோம். இன்னைக்கு எனக்குப் பசிக்குது."

அவளுக்கும் பசித்தது. கடிதம் வந்த நாளிலிருந்து அன்றுதான்.