ஃப்ரிட்ஜ் மேல் வைத்த புழு

சகலைக்கு வண்டு வளர்க்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அதை அவனே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். அவனை வெறுக்க ஒரு நல்ல காரணம்கூடக் கிடைக்காது. அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். என் மனைவிக்குத் தங்கை புருஷன் என்றால் தனி ஒசத்தி, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். கொம்பு வண்டு ஒன்று இட்ட முட்டைகளை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். மட்கிய மரத்தூளைத் தின்றே என் புழுக்களில் ஒன்று தொண்ணூறு கிராம் வந்தது. மார்தட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அவன் தன் புழுவைத் தராசில் வைத்தான். நூற்று நான்கு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டு வளர்ப்போர் சங்கத்தில் சிறந்த வண்டுக்கென்று வருஷத்துக்கு ஒரே ஒரு கோப்பை. அதற்காகத்தான் ஏழு வருஷமாகக் குளியலறையில் பாதியைப் புழு டப்பாக்களுக்கு விட்டிருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், இவனுக்கு மட்டும் போகக் கூடாது.

அந்த நேரம் பார்த்து அவனை வேலை விஷயமாக மூன்று மாதம் வெளியூர் அனுப்பினார்கள். புழு டப்பாவை நேராக என் கையில் கொடுத்தான்.

"உங்ககிட்ட விட்டாத்தாண்ணே எனக்கு நிம்மதி."

குளிர்ச்சியில் புழு நிதானமாகத் தின்று பெருக்கும். சூட்டில் அவசரப்பட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும், வண்டு சிறுத்துப்போகும். அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த நான், இதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் டப்பாவைக் குளியலறை மூலையில் வைத்தேன். அவனுடையதை ஃப்ரிட்ஜ் மேல், பின்னாலிருந்து சூடு ஏறும் இடத்தில் வைத்தேன்.

"அங்க எதுக்கு?" என்றாள் மனைவி.

"கீழ வச்சா எலி வரும்."

"எலியா? நம்ம வீட்லயா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றே வாரத்தில் அவன் புழு கூட்டுப்புழுவானது. என்னுடையது தின்றுகொண்டே இருந்தது. நூற்றுப் பதினெட்டு கிராம்! வேலைக்குப் போகிற வழியெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவன் வண்டு நான் நினைத்தபடியே சின்னதாகத்தான் வந்தது. ஆனால் கொம்பு நேராக, முதுகு எண்ணெய் தடவினாற்போல் இருந்தது. ஊரிலிருந்து வந்தவன், "எவ்ளோ அழகா இருக்குண்ணே!" என்று குதித்தான். அளவைக் கேட்கவே இல்லை.

என்னுடையது போட்டிக்குப் பத்து நாள் முன்பு வெளியே வந்தது. அத்தனை பெரிய உடம்பு. இறக்கைதான் மூடவில்லை, கசங்கிய காகிதம்போல விரிந்தே நின்றது. அளவுக்கு மீறிப் பெருத்த புழுவுக்கு இப்படி ஆவதுண்டு. தெரிந்தேதான் ஊட்டினேன். இறக்கை மூடாத வண்டைச் சங்கத்தில் மேஜையிலேயே வைக்க விடமாட்டார்கள்.

சங்கத்தில் அளவுக்கும் மார்க் உண்டு, அழகுக்கும் உண்டு. அழகு மார்க்கிலேயே கோப்பை அவனுக்குப் போனது. மைக்கைப் பிடித்து, "நான் ஊர்லயே இல்ல. எல்லாம் எங்க அண்ணன் பாத்துக்கிட்டது" என்றான். கைதட்டினார்கள். எழுந்து நின்று பல்லைக் காட்டினேன்.

சாயங்காலமே கோப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"இது உங்க வீட்லதாண்ணே இருக்கணும்" என்று, வைக்க இடம் தேடினான்.

"ஃப்ரிட்ஜ் மேல வைங்க தம்பி" என்றாள் மனைவி. "அங்கதான் எலி வராது."

சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.