கிராணி வீட்டு வெள்ளைச் சோறு

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் அந்த வரிசைப் பலகை வீடுகளுக்கு நடுவே சுவர் என்பது பேருக்குத்தான். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றால் எட்டு வீட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் அடுத்த வீட்டு ஹபீபா பீவி காலையில் புழுங்கல் அரிசிச் சோறு வடித்தாள் என்றால், குணவதி கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பலகையோரம் போய் நின்றுவிடுவாள். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்த ஆவியின் வாசத்தை இழுத்து இழுத்து முகர்வாள். ஒரு கிராணியின் மனைவி, பிள்ளை பெற்று மூன்று மாதமாகாதவள், சோற்று வாசத்துக்கு ஏங்கி நின்றாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நின்றாள்.

வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை. பானை நிறைய இருந்தது. மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று, தீட்டித் தீட்டிப் பளபளத்த சியாம் அரிசி. அவள் கணவன் சந்திரசேகரன் துறைமுகத்தில் அரிசி மூட்டைகள் இறங்குவதைக் கணக்கெழுதும் கிராணி. ரங்கூன் புழுங்கல் தோட்டத்துக் கூலிகளுக்குப் போகும், சியாம் வெள்ளை பங்களாக்களுக்குப் போகும் என்பதைத் தினம் பார்க்கிறவன். கல்யாணமான புதிதிலேயே வீட்டில் சட்டம் போட்டுவிட்டான், புழுங்கல் வாசம் தன் வீட்டில் வரக்கூடாதென்று. குணவதி பிறந்து வளர்ந்ததோ கடலுக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கும் லயத்தில். புழுங்கல் கஞ்சி குடித்துத்தான் எலும்பு வளர்த்தவள். கிராணி வயிறு வேறு, கூலி வயிறு வேறு என்று எந்தச் சாமி படைத்ததோ தெரியவில்லை, போங்கள்!

அவள் ஏக்கத்தில் பாதிதான் சோற்றுக்கு. மீதிப் பாதி சண்முகத்துக்கு. மூத்தவன். போன வருஷம், பிறந்து மூன்று மாதத்திலேயே போய்விட்டான். நன்றாகக் கொழுகொழுவென்று இருந்த பிள்ளை. திடீரென்று குரல் கம்மியது. பிறகு வாயைத் திறந்து, முகம் சிவந்து, அழுவான். சத்தம் மட்டும் வராது. மாந்தம் என்றார்கள், திருஷ்டி என்றார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ஒரு மத்தியானம் அவள் மடியிலேயே அடங்கிவிட்டான். இப்போது கையில் இருப்பவன் கதிர்வேல். இவனைக் கொஞ்சும்போதெல்லாம் அவளுக்குச் சண்முகத்தின் உள்ளங்கால் ஞாபகம் வரும். அழுகை முட்டும். ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு ஈடாகிவிடுமா என்ன?

அவள் உடம்பும் சரியாக இல்லை. கால் வீங்கியது. பாதம் மரத்துப்போய், தரையில் வைத்தால் வைத்ததே தெரியவில்லை. நாலு குடம் தண்ணீர் தூக்கினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நாத்தனார் ஜெயலெட்சுமியிடம் சொன்னாள். தாலியறுத்துத் தம்பியோடு வந்து தங்கியிருந்தவள் அவள். வீட்டுச் சமையலும் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமும் அவள் பொறுப்பு.

"பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்டி. நான் மூணு பெத்தேன். ரெண்டு போச்சு. எனக்கும்தான் கால் வீங்குச்சு. யாரு வந்து கேட்டா? நாளைக்குச் சரியாயிடும், போ."

"பருப்பும் கீரையுமாச்சும் கொஞ்சம் போடுங்க அக்கா. வெறும் வெள்ளைச் சோறும் மொளகுத் தண்ணியும் எறங்க மாட்டேங்குது."

"பருப்பு வாயு. கீரை குளிர்ச்சி. பிள்ளைக்கு மாந்தம் வந்தா யாரு பதில் சொல்றது? வாயைக் கட்டுடி."

ஜெயலெட்சுமி கெட்டவள் இல்லை. தனக்கு என்ன செய்தார்களோ அதையே நல்லதென்று நம்பிச் செய்தாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சந்திரசேகரன் சட்டையைக் கழற்றி மாட்டும்போது குணவதி மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு படி புழுங்கல் வாங்கியாறீங்களா? எனக்கு மட்டும் தனியாப் பொங்கிக்கிறேன். நாக்குக்கு ருசியா இருக்கும்னு கேக்கலே. உடம்பே கேக்குதுங்க."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நான் பாசார்ல போயிக் கூலி அரிசி வாங்கினா நாலு பேரு என்ன பேசுவான்? நாளைக்கு ஆபீஸ்காரன் எவனாச்சும் வீட்டுக்கு வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போவான்லா. உன்னை லயத்திலேருந்து கூட்டியாந்து வெள்ளைச் சோறு போடறேன். அதுக்கும் மூஞ்சியைத் தூக்குறே!"

அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் கதிர்வேலுக்குக் குரல் கம்மியது.

முதலில் தொண்டை கரகரத்தது. பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பினான். மறுநாள் காலையில் வாயைத் திறந்தான், முகம் சிவந்தது, கண்ணில் நீர் வழிந்தது, சத்தம் வரவில்லை. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. குணவதிக்கு இது தெரியும். இது எங்கே போய் முடியும் என்பதும் தெரியும்.

"ஐயோ, அதேதான்! சண்முகத்துக்கு வந்ததேதான்!"

"கத்தாதேடி. பூசாரியைக் கூப்பிட்டுக் கயிறு கட்டுவோம்," என்றாள் ஜெயலெட்சுமி.

சத்தம் கேட்டு ஹபீபா பீவி ஓடி வந்தாள். பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். "கயிறு கட்டுறதை அப்புறம் கட்டுங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. நான் ரிக்‌ஷா நிறுத்துறேன்," என்று வாசலுக்குப் பாய்ந்தாள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சந்திரசேகரன் திகைத்து நின்றான். குணவதி அவனிடம் உத்தரவு கேட்கவில்லை. மரத்துப்போன காலை இழுத்து இழுத்து நடந்து ரிக்‌ஷாவில் ஏறினாள். அவன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாகக் குணவதியின் காலைப் பார்த்தார். விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"கால் விறைக்குதோ அம்மா?"

அவள் தலையாட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் காலைப் பற்றி ஒரு மனிதர் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"வீட்டிலை என்ன அரிசி சமைக்கிறனீங்கள்?"

சந்திரசேகரன் முன்னால் வந்தான். அந்த நிலையிலும் அவனுக்குக் குரலில் கொஞ்சம் நிமிர்வு வந்தது, பாருங்கள்! "நல்ல சியாம் வெள்ளை அரிசிதான் சார். முதல் தரம். கூலிச் சாப்பாடெல்லாம் எங்க வீட்டுப் பக்கமே வராது."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதாலைதான் இந்த வருத்தம், இந்த நோய். இதுக்குப் பேர் பெரிபெரி. அரிசியைத் தீட்டத் தீட்டச் சத்தெல்லாம் தவிட்டோடை போயிடும். புழுங்கலிலை சத்து உள்ளுக்கே நிக்கும். தோட்டத்துச் சனம் புழுங்கல் சாப்பிடுறவை. அவையளுக்கு இது வாறது குறைவு. தாய்க்குச் சத்தில்லாட்டி தாய்ப்பாலிலும் இல்லை. பிள்ளைக்கு முதல் குரல் போகும், பிறகு நெஞ்சு நிண்டுபோகும்."

 குணவதி கேட்டாள், மிகவும் மெதுவாக.

"ஐயா... என் மூத்தவனுக்கும் இப்படித்தான் குரல் போச்சு. அவனும்...?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். "இதுவாத்தான் இருந்திருக்கும் அம்மா. இவனைப் பாப்பம். பயப்பிடாதேங்கோ."

தவிட்டிலிருந்து எடுத்த மருந்தைப் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். அவளுக்கும் மருந்து கொடுத்தார்கள். நெஞ்சடைப்பு அன்றைக்கே தணிந்தது. உதட்டில் நீலம் போனது. ஆனால் குரல் வரவில்லை. வர நாளாகும் என்றார்கள். குணவதி தொட்டிலோரமே கிடந்தாள். மற்ற கட்டில்களில் பிள்ளைகள் வீறிட்டன; தாய்மார்கள் சலித்துக்கொண்டார்கள். 'அழட்டுமே, விடுங்களேன்' என்று அவளுக்குக் கத்தத் தோன்றும். ஒரே ஒரு தடவை, இந்தப் பிள்ளை வீடு அதிர ஒரு தடவை அழுதால் போதும் என்று ஊர்ச் சாமியையெல்லாம் வேண்டினாள். சண்முகம் கடைசியாகச் சத்தம் போட்டு அழுதது எந்த நாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. அன்றைக்கு அவள் அதைக் கவனித்துக்கூடக் கேட்கவில்லை. கடைசி அழுகை என்று யாருக்குத் தெரியும்?

ஒரு காலையில் கதிர்வேல் அழுதான்.

பெரிய அழுகை ஒன்றுமில்லை. தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். குணவதி அவனைத் தூக்கவில்லை, சமாதானம் செய்யவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சந்திரசேகரனும் ஜெயலெட்சுமியும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

சந்திரசேகரன் தலையில் அடித்துக்கொண்டான். "மரியாதை மரியாதைன்னு பொங்கிப் பொங்கிப் போட்டேனே! என் பிள்ளையையே தின்னுட்டேனே! குணவதி, இனிமே உனக்கு மூட்டை மூட்டையாப் புழுங்கல் வாங்கித் தர்றேன். பாசார்ல எல்லாரும் பாக்கத் தலையில தூக்கிட்டு வர்றேன்."

ஜெயலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "அப்ப என் ரெண்டும்? அதுங்களும் இப்படித்தானே சத்தமில்லாம..." என்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் அவள் அதற்காக அழுதவளில்லை. விதி என்று விட்டிருந்தாள்.

குணவதி நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவனுக்கு அதிகம் சுட்டது.

"அரிசி வாங்கித் தர்றதெல்லாம் சரிங்க. ஆனா அரிசி மட்டும் மாறினாப் போதாது. எனக்குக் கால் மரத்துப்போச்சுன்னு அக்காகிட்ட சொன்னேன், சகஜம்னாங்க. உடம்பு கேக்குதுன்னு உங்ககிட்ட சொன்னேன், கிறுக்குன்னீங்க. அக்கா தனக்குக் கால் வீங்கினப்ப யார்கிட்டயும் சொல்லவே இல்லே, சொன்னாலும் யாரும் கேக்கப்போறதில்லேன்னு. பிள்ளைக்குக் குரல் போனா ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. பெத்தவளுக்குக் குரல் இருந்தும் அதைக் கேக்க வீட்டுல ஆளில்லேன்னா, அந்தச் சீக்குக்கு எந்த டாக்டருங்க மருந்து குடுப்பாரு?"