ஒத்திகை வீடியோ

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. தங்கை சமையல் வீடியோ போட்டுப் பார்த்தாள், அழகுக்குறிப்பு போட்டுப் பார்த்தாள், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் இருவருமாக வெளிநாடு போய்ப் பயண வீடியோ எடுப்பதென்று முடிவானது. அக்கா பத்து வருஷத்தில் முதல்முறையாகப் பன்னிரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

அக்காவுக்குத் திக்குவாய். ‘ப’வில் வந்து நின்றால் நகரவே நகராது. “கேமராவ மறந்துடு. என்னப் பாத்துப் பேசு” என்று தங்கைதான் தைரியம் சொன்னாள். தினமும் வேலை விட்டு வந்ததும் ஒத்திகை. சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு, காலிப் பெட்டியை ஹாலிலிருந்து சமையலறை வரை இழுத்தபடி, “பயணம் பண்ண வாங்க, நாங்க அக்கா தங்கச்சி” என்று சொல்ல வேண்டும். ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை, அக்கா அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். தங்கை கேமராவை அணைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் ஒரு பெண் போனை நீட்டினாள். “ப-ப-ப அக்கா நீங்கதானே?”

ஒத்திகை வீடியோக்களில் அக்கா திக்கிய இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, நடுவே மத்தளச் சத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கையிடம் கேட்டாள். “எப்படி போட்ட?”

“போட்டு மூணு வாரமாச்சு. நீ கோவப்படுவேன்னுதான் சொல்லல. ரெண்டு ஓட்டல்ல சும்மாவே ரூம் தர்றாங்க அக்கா. யாரால? உன்னாலதான்.”

“இப்ப எனக்குத் திக்கல.”

“அதாங்க்கா பிரச்சனையே. சனிக்கிழமை எடுத்தது சப்புன்னு இருக்கு. அங்க வந்து பழைய மாதிரியே பேசு, போதும்.”

“நான் வரல.”

தங்கை அசரவில்லை. “வராட்டி போ. நானே பேசிக்கிறேன்.”

மைக்கைச் செருகிக்கொண்டு பெட்டியை இழுத்தாள். இமைகளை இறுக்கினாள், கழுத்தை வெட்டி வெட்டி இழுத்தாள், வலது கையால் தொடையைத் தட்டித் தட்டி ‘ப’வைத் தள்ளினாள். அச்சு அசல் அக்கா. தொடையைத் தட்டும் பழக்கம் தனக்கு இருப்பதே அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டாள். ஆனாலும் தோள் குலுங்கியது.

“நீயுமாம்மா?”

“அட, சும்மா வெளாட்டுக்குத்தானடி.”

தங்கை தனியாகக் கிளம்பினாள். அக்கா லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போனாள். நாலாம் நாள், சாப்பாட்டு நேரத்தில், தங்கை அங்கிருந்து போட்ட முதல் வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “அக்கா வரலையா? பரவாயில்ல, நீங்க அவங்களவிட நல்லாப் பண்றீங்க.” அந்த வரிக்கு அம்மா ஒரு இதயம் போட்டிருந்தாள்.

அக்கா டப்பாவை மூடிவிட்டு, மத்தியான நோயாளிகளின் வரிசையைக் கூப்பிடப் போனாள்.