எந்த வடிவத்திலும் வராத கட்டம்

2005 மாசி மாதம். கல்முனையில் மஜீட்டின் சிறிய கணினிக் கந்தோர் சுனாமி நிவாரண நிறுவனங்களுக்குப் பதிவு மென்பொருள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. அடித்தளம் ஒன்றுதான், நிறுவனத்துக்கு ஒன்றாக வடிவங்கள் பல. ஒருவருக்குப் புகைப்படம் வேண்டும், இன்னொருவருக்குக் காணி உறுதிப் பத்திர இலக்கம் வேண்டும். வேண்டிய கட்டங்களைப் பட்டியலில் அடையாளமிட்டால், உள்ளே எழுதிய விதிகளின்படி கணினியே கோத்துக் கொடுத்துவிடும். அதுவரை பன்னிரண்டு வடிவங்கள் வெளியே போயிருந்தன.

ஒரு முற்பகல் மருதமுனையிலிருந்து றாஹிலா என்ற பெண், அந்தப் பதிவைச் செய்து கொடுப்பவர்கள் யாரென்று விசாரித்துக்கொண்டு நேரே கந்தோருக்கு வந்தாள். கடல் அவள் கணவனைக் கொண்டுபோய் இரண்டு மாதம். உடல் கிடைக்கவில்லை.

“புது வீட்டுக்குப் பதிய மூணு இடத்துக்குப் போனன் தங்கச்சி,” என்றாள், அங்கே வேலை செய்த நதீராவிடம். “மூணுலயும் மவுத்துப் பத்திரம் கேக்காங்க. ஜனாஸாவக் காணாம நான் எப்படி மவுத்தெண்டு சொல்லுற?”

“காணாமற்போனவர் எண்டு ஒரு கட்டம் இருக்குமே, ராத்தா?”

“அப்படி ஒண்டும் இல்லையாம்.”

நதீரா பழைய கோரிக்கைகளை எடுத்துப் பார்த்தாள். றாஹிலா போன மூன்று நிறுவனங்களுமே அந்தக் கட்டத்தைக் கேட்டிருந்தன. ஒன்றில் விடுபட்டிருந்தால் கைத்தவறு என்று விட்டிருப்பாள். மூன்றிலும் எப்படி?

றாஹிலாவை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு பெரிய தாளில் எல்லா அம்சங்களையும் மரம்போல வரைந்தாள். அவற்றுக்கிடையிலான விதிகளைப் பக்கத்தில் எழுதினாள். பிறகு அந்தக் கட்டம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு விதி விதியாகத் தொடர்ந்தாள். காணாமற்போனவர் கட்டம் இருந்தால் பெண் குடும்பத் தலைவி கட்டமும் வேண்டும். தலைவி கட்டம் இருந்தால் மரணப் பத்திரக் கட்டம் வேண்டும். மரணப் பத்திரக் கட்டம் இருந்தால் காணாமற்போனவர் கட்டம் இருக்கக் கூடாது.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பன்னிரண்டல்ல, பன்னிரண்டாயிரம் வடிவம் செய்தாலும் அந்தக் கட்டம் வராது. யார் கேட்டாலும் கணினி அதைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு விதியிலும் பிழை தெரியவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

மஜீட் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“கடைசி விதி நான் போட்டது. ஒரு ஆளுக்கு ரெண்டும் வரக்கூடாது எண்டுதான் கேட்டாங்க. நான் ஒரு வடிவத்துல ரெண்டும் வரக்கூடாது எண்டு எழுதிட்டன்.”

“மஜீட் நானா, அப்ப அத இங்க அழிச்சி, ஆளுக்கு ஆள் பதியுற இடத்துல போடுவமா?” என்றாள் நதீரா.

“ஓம், போடுங்க. புது வடிவத்த மூணு இடத்துக்கும் நானே கொண்டு போறன்.”

பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் முதல் வடிவம் ஆயத்தமாகிவிட்டது. நதீரா சரிபார்ப்பதற்காக றாஹிலாவின் விபரங்களை அதில் பதிந்தாள். றாஹிலா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

“இதுல அவர் என்னவா இருக்கார்?”

“காணாமற்போனவர்.”

“ஓம். அப்படியே இருக்கட்டும்.” பிறகு கேட்டாள்: “அவர் வந்துட்டா மாத்தலாமா?”

நதீரா தாளைத் திரும்ப விரித்தாள். அந்த மரத்தில் அதற்கு ஒரு கிளையும் இல்லை.

“இப்ப ஏலாது ராத்தா. கொஞ்சம் இருங்க.” புதிதாக ஒரு கோடு கீறி, ‘திரும்பி வந்தவர்’ என்று எழுதினாள். அதற்கு என்னென்ன விதி வேண்டும் என்று யோசித்தவள் நிமிர்ந்து கேட்டாள்: “அவர் வந்தா, வீடு யார்ட பேருல இருக்கணும்?”

“அது என்ட பேருலயே இருக்கட்டும்,” என்றாள் றாஹிலா.