குட்டி வெளிக்குப் போன நாள்

பூனைக்குட்டியின் முதுகெலும்பை எண்ணிவிடலாம். வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தது. தாய் விட்டுப்போன அதற்குக் காமாக்ஷி தயிர்சாதம் போட்டு வந்தாள். தின்றதெல்லாம் தண்ணீராகப் போனது. இப்போது தின்பதையும் நிறுத்திவிட்டு, ஸ்ரீரங்கனின் பாதத்தின்மேல் சுருண்டு கிடந்தது. அவர் மடியில் திறந்திருந்த புத்தகம் அரைமணியாக அதே பக்கத்தில் நின்றது.

"ஏன்னா, பொழைக்குமா?" என்றாள் காமாக்ஷி.

அவர் புத்தகத்தைக் கீழே வைத்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ராயப்பேட்டையில் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஜமீலுன்னிசா, குட்டி வெளிக்குப் போனதில் கொஞ்சம் கொண்டுவரும்படி போனில் சொல்லியிருந்தார். காமாக்ஷி நீட்டிய டப்பாவிலிருந்து துளி எடுத்து உப்புத் தண்ணீரில் கலக்கி, மிதந்ததைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமி, இதுல மஞ்சப்பொடி எப்படி வந்துச்சு?"

காமாக்ஷி புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "பூஜை பண்ற ஸ்வாமி உள்ளைத் தாண்டித்தானே டப்பாவை எடுத்துண்டு வரணும்? அப்படியே எப்படிக் கொண்டுவரது? ஒரு சிட்டிகை தூவினேன்."

"சிட்டிகையா? எங்க பாத்தாலும் மஞ்சள் துணுக்குதான். புழு முட்டை இருந்தாலும் எனக்குத் தெரியாது."

"சாம்பாருக்கே இவ்வளவு போடமாட்டாள்" என்றார் ஸ்ரீரங்கன்.

"நீங்க பேசாம இருங்கோ." அவரிடம் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

டாக்டர் குட்டியின் ஈறை விரலால் விலக்கினார். வெளுத்திருந்தது. "ரத்தம் கம்மியா இருக்கு, சீக்கிரம் மருந்து போகணும். ஆனா என்ன புழுன்னு தெரியாம குடுத்தா இந்த உடம்பு தாங்காது. புதுசா கொண்டாங்க. சுத்தமா. அதாவது, நீங்க சுத்தம் பண்ணாம."

குளுக்கோஸ் தண்ணீரைப் புகட்டி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகு குட்டி வெளிக்கே போகவில்லை. ஒரு சொட்டு பட்டாலும் தரையை மூன்று தரம் அலம்புகிறவள், மணல் பரப்பிய தாம்பாளத்தைக் குட்டியின் பின்னால் தூக்கிக்கொண்டு அலைந்தாள். "போடா கண்ணா. எங்க வேணா போ. கூடத்துலயே போ." ஸ்ரீரங்கன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்தத் தாம்பாளத்தையே பார்த்திருந்தார். குட்டியின் விலா மெதுவாக ஏறி இறங்கியது.

விடிந்த பிறகு, "ஏன்னா! வெளிக்குப் போயிடுத்து!" என்ற குரல் தெருவுக்கே கேட்டது. டப்பா இம்முறை ஸ்வாமி உள்ளைத் தாண்டி அப்படியே போனது. "கண்ணை மூடிண்டேன், பெருமாளும் மூடிண்டிருப்பார்" என்றாள் ஆட்டோவில்.

டாக்டர் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். தடித்த விளிம்போடு உருண்டை உருண்டையாக முட்டைகள். "உருண்டைப் புழு. தாய்ப்பால்லயே வந்திருக்கும். உங்க தயிர்சாதத்து மேல பழியில்ல மாமி." குட்டியை நிறுத்து, எடைக்கேற்றபடி மருந்தை ஊற்றினார். "ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. இப்ப சாகுறது குடல்ல இருக்கறது. உடம்புக்குள்ள திரியுற குஞ்சுங்க அப்புறம்தான் குடலுக்கு வரும். பால் வேணாம். தொட்டா கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"அதை எனக்கா சொல்றேள்?" என்றாள் காமாக்ஷி.

மறுநாள் காலை, வெந்த சேமியாபோலச் சுருண்டு புழுக்கள் வந்து விழுந்தன. வயிறு தளர்ந்த குட்டி நேராகச் சமையலறைக்கு நடந்து, உடைந்த குரலில் அதட்டியது. வீட்டிலிருந்த தயிர் முழுவதும் அதன் தட்டுக்குப் போயிற்று. காபிக்கு இருந்த பாலையும் காமாக்ஷி உறைக்கு ஊற்றிவிட்டு, "உங்களுக்குக் காபி அப்புறம்தான். ஒரு பாக்கெட் வாங்கிண்டு வாங்கோ" என்றாள்.

பால் பூத்தில் நாகராஜ் கேட்டான்: "இன்னா சார், ரெண்டாவது பாக்கெட்டு? விருந்தாளி வந்துகீறாங்களா?"

வழக்கமாகத் தலையசைத்துவிட்டுப் போகும் ஸ்ரீரங்கன், கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"பூனைக்குட்டிப்பா. பூச்சியெல்லாம் வந்துடுத்து. இத்தனை நீளம். சுருள் சுருளா..."

"சார், சார், பின்னாடி லைன் நிக்குது சார்!"

பின்னால் நின்றவள் தன் பால் தூக்கைச் சட்டென்று மூடினாள். ஸ்ரீரங்கன் திரும்பி, அவளுக்கும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.